மன்னார்க்காரன் மகள்

ஜெரோம் வந்திருக்கிறான் என்று திரௌபதி கரையிலிருந்து கத்தினாள். முனியம்மாளால் பதில் சொல்ல முடியவில்லை. வாயில் பறியின் கயிறு இருந்தது.

ஏரி அந்த இடத்தில் இடுப்பளவுதான். ஆனால் இறால் தடவுகிற பெண்கள் நிற்பதில்லை. சேற்றில் முழங்காலிட்டு நகர்வார்கள். தண்ணீருக்கு மேலே தலைகள் மட்டும் தெரியும். பனையோலையில் முடைந்த பறி மார்புக்கு முன்னால் மிதக்கும். தடவ இரண்டு கையும் வேண்டும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பேச வேண்டுமென்றால் வேலையை நிறுத்த வேண்டும். முனியம்மாள் நிறுத்தவில்லை.

பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த எல்லம்மாதான் கயிற்றைத் துப்பிவிட்டுக் கேட்டாள். "எந்த ஜெரோம்டி?"

"எத்தினி ஜெரோம் கீறான் நம்ப குப்பத்துல? எங்க அண்ணியோட வூட்டுக்காரரு. ஜெபா அப்பா."

"அட பேமானி! உசுரோடவா கீறான்?"

"வெள்ளச் சொக்கா போட்னு, உருட்டுற பொட்டி ஒண்ணு இஸ்துனு வந்தாரு. சேத்துல உருள்ல. தலமேல தூக்கி வெச்சினு வந்தாரு."

தண்ணீருக்கு மேலே இருந்த தலைகள் சிரித்தன.

"இன்னாத்துக்கு வந்தானாம்?"

"யாருக்குத் தெரியும்? டீ குடுத்தேன், குடிச்சினுகிறாரு."

"ஏன்டி குடுத்த?"

"வூடு தேடி வந்த ஆள இன்னா பண்றது? அண்ணி, கரைக்கு வா அண்ணி."

முனியம்மாள் முதுகைக் காட்டி இன்னும் உள்ளே நகர்ந்தாள். மழை தூற ஆரம்பித்தது. வாடைக்காற்றில் தண்ணீர் சிறு சிறு மடிப்பாக வந்து அவள் தாடையில் அடித்தது. பறி நிறைந்த பிறகுதான் எழுந்து கரைக்கு வந்தாள். புடவையைப் பிழிந்தாள். வாயில் இருந்த சேற்றைத் துப்பினாள்.

"இத்தினி வருஷம் கயிச்சி வரான்," என்றாள் தம்பி பெண்டாட்டி திரௌபதியிடம். "ஒரு பறி இறாலுக்குக் காத்திருக்க மாட்டானா?"

ஜெரோம் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து மீனவன். சண்டைக் காலத்தில் படகில் தப்பி வந்து கும்மிடிப்பூண்டி முகாமில் இருந்தான். பழவேற்காட்டில் படகுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன், அப்படியே முனியம்மாளைப் பார்த்து, மாதா கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டான். அவள் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவன் குடிக்கமாட்டான், தண்ணீரில் வேலை தெரியும்.

சுனாமி வந்த மார்கழியில் அவள் நிறைமாதமாக இருந்தாள். ஏரி கலங்கிக் கிடந்தது. இறால் இல்லை. தை மாதக் கடைசியில் பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஜெபசெல்வி பிறந்தாள். அப்போதுதான் ஜெரோம் அந்த யோசனையைச் சொன்னான். முகாமில் தலைக்கு இவ்வளவு என்று அரிசியும் பணமும் தருகிறார்கள். அவன் தலை ஒன்றுதான் பதிவில் இருக்கிறது. அவளையும் குழந்தையையும் சேர்த்துவிட்டால் மூன்று தலை.

அப்படித்தான் ஏரியைத் தாண்டி எங்கும் போகாத முனியம்மாள் இலங்கை அகதி ஆனாள். மாதா மாதம் கணக்கெடுப்பு நாளில் பஸ் ஏறிப் போய், இடுப்பில் குழந்தையுடன் வரிசையில் நின்றாள். ஊர் என்ன என்று கேட்டால் மன்னார் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். குப்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். "சிலோன்காரி வரா, வழி வுடு" என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அரிசி நல்ல அரிசி.

சண்டை முடிந்த பிறகு ஜெரோம் ஊருக்குத் திரும்பிப் போனான். அப்பாவின் நிலத்தையும் படகையும் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. அவனுக்கு அங்கே ஜாக்குலின் என்று ஒருத்தி இருக்கிறாள், மகன் பிறந்திருக்கிறான் என்று முகாமிலிருந்து நண்டு வாங்க வந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு முனியம்மாள் அந்தப் பெண்ணுக்கு நண்டை எடை போட்டு, கூடவே ஒரு நண்டு சேர்த்துக் கொடுத்து அனுப்பினாள். அதன் பிறகு ஜெரோமின் பெயரைச் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை.

ஜெபசெல்வி நர்சிங் படித்தாள். ஓமனில் வேலை கிடைத்து, கூடப் படித்தவர்களோடு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். மற்றவர்களுக்கு வந்தது. அவளுக்கு விசாரணைக்கு வந்தவர் டீ குடித்தார், முகாம் பதிவைப் பற்றிக் கேட்டார், போனார். கடைசியில் வந்த பதில் இதுதான்: அப்பா கடவுச்சீட்டு இல்லாமல் வந்த வெளிநாட்டான். அம்மா மட்டும் இந்தியர் என்றால் போதும் என்றிருந்த சட்டம், அவள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்னால் மாறிவிட்டது. அவள் இந்தியக் குடிமகள் அல்ல.

"ஆதாரு இருக்குதே" என்றாள் முனியம்மாள்.

"அது நான் யாருன்னு சொல்லும். எந்த நாடுன்னு சொல்லாதுமா."

அப்பா வழியில் இலங்கைக் குடியுரிமை கேட்கலாம் என்று யாரோ சொல்ல, சென்னையில் அந்த நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கும் ஜெபசெல்வி போய் விசாரித்துவிட்டு வந்தாள். இருபத்தொரு வயது முடிவதற்குள் பதிந்துவிட்டால் சுலபம் என்றார்கள். அதற்கு அப்பா வேண்டும். இப்போது அவளுக்கு இருபது வயது. மீஞ்சூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். பஸ்ஸும் ரயிலுமாகப் போய் வருகிறாள். அதிகம் பேசமாட்டாள்.

ஜெரோம், சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீட்டின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். உடம்பு போட்டிருந்தான். தலையில் பாதி முடி இல்லை. காலடியில் பிஸ்கட் டின்னும் தேயிலைப் பாக்கெட்டும் இருந்தன. முனியம்மாள் ஈரப் புடவையோடு உள்ளே வந்து, அவனைத் தாண்டிப் போய், இறாலைச் சட்டியில் கொட்டினாள்.

"முனி, எப்பிடி இருக்கிறீர்?" என்று எழுந்தான்.

"இருக்கிறீரு, போறீரு. இன்னும் அந்தப் பேச்சு போவல." அவள் புடவை மாற்ற உள்ளே போனாள்.

ஜெபசெல்வி வரும்வரை அவன் விஷயத்தைச் சொல்லவில்லை. ஆறு மணி பஸ்ஸில் அவள் வந்தாள். வாசலில் நின்று அவனைப் பார்த்தாள். குடையை மடக்கினாள்.

"பிள்ளை, என்னைத் தெரியுதோ?"

"தெரியுது."

"வளர்ந்திட்டீர்."

"ஆமா. வளந்துட்டேன்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து இறால் தலைகளைக் கிள்ள ஆரம்பித்தாள்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். அவன் ஊர்க் கோயிலில் அடுத்த திருவிழாவுக்கு அவனை மூப்பராகப் போட நினைக்கிறார்கள். மூப்பர் என்றால் கோயில் காரியம் எல்லாவற்றுக்கும் தலைமை. அவன் அப்பாவும் இருந்தவர். ஆனால் ஜாக்குலினோடு அவனுக்குக் கோயிலில் கல்யாணம் நடக்கவில்லை. நடக்காமல் மூப்பராக முடியாது. பங்குச் சாமியார் இந்தியாவில் அவனுக்கு ஒரு கல்யாணம் நடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறார்; அது செல்லும் என்றால் இன்னொரு கல்யாணம் செய்துவைக்க மாட்டார்.

"அதால முனி, நீர் ஒரு கடிதம் தர வேணும். அது உண்மையான கல்யாணம் இல்லை எண்டு."

"பின்ன இன்னா அது?"

"முகாமில அரிசி எடுக்கிறதுக்காகச் செய்தது எண்டு."

சட்டியில் விழுந்துகொண்டிருந்த இறால் ஓசை நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் திரௌபதியின் வீட்டு டிவியும் நின்றது.

"கோவப்படாதையும். இதில பிள்ளைக்கும் நல்லது இருக்கு. அவளுக்கு இஞ்ச பாஸ்போர்ட் தரேல்லையாம் எண்டு முகாம் ஆக்கள் சொன்னவை. ஒரு வக்கீலிட்டக் கேட்டனான். கல்யாணமும் இல்லை, தகப்பனும் நான் இல்லை எண்டால் அவள் உம்மட பிள்ளை மட்டும்தான். பிறகு இந்தியாக்காரி. நான் என்ட பிள்ளை இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன்."

"அப்ப அவ யாருக்குப் பொறந்தா?"

"அது எழுதத் தேவையில்லை."

"எழுதத் தேவையில்ல," என்றாள் முனியம்மாள் நிதானமாக. "நல்லா கீதுய்யா. உனுக்குக் கோயிலு. எனுக்குத் தேவிடியாப் பட்டம். அரிசிக்குப் படுத்தவன்னு ஒரு லெட்டரு, அதுல நானே கைநாட்டு வெக்கணும்."

"அப்பிடி இல்லை முனி—"

"கம்முனு கெட. நான் உன் பொண்டாட்டி. அந்த மாதா மேல சத்தியமா நீ சாவுற வரைக்கும் பொண்டாட்டி. உன் ஊட்ல அவ சோறு பொங்கட்டும், புள்ள பெக்கட்டும். பொண்டாட்டி நான்தான். போய்ச் சொல்லு உன் சாமியாருகிட்ட."

ஜெபசெல்வி கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனாள்.

அன்றிரவு ஜெரோம் திரௌபதியின் வீட்டில் படுத்துக்கொண்டான். அவள்தான் பாய் கொடுத்தாள். கொடுத்துவிட்டு இங்கே வந்து முனியம்மாளிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணி, யோசிச்சுப் பாரு. ஊருக்கு உன்னத் தெரியாதா? எவன் இன்னா பேசப்போறான்? லெட்டரு எங்கியோ சிலோன்ல இருக்கப்போவுது. நம்ப பொண்ணுக்கு ஒரு வழி பொறக்கட்டும்."

"உன் புருஷன் உன்ன அரிசிக்குக் கட்னேன்னு சொன்னா நீ குடுப்பியா?"

"எம் புருஷன் எங்க அரிசி வாங்கியாந்தான், அத்த சொல்றதுக்கு?"

முனியம்மாளுக்கே சிரிப்பு வந்தது. திரௌபதி போன பிறகு மகள் பக்கம் திரும்பினாள். ஜெபசெல்வி மறுநாள் ராத்திரி டியூட்டிக்குப் போட வேண்டிய யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா சொல்ற?"

"நான் சொல்ல இன்னா கீது? நீதான் சொல்லிட்டியே, சாவுற வரைக்கும் பொண்டாட்டின்னு."

"அவன் உன்னப் பெக்கலன்னு எழுதித் தரானாம். வாங்கிக்கிறியா?"

"அவரு பெத்தாரு, பெக்கலன்னு எவனும் எனக்கு ஒண்ணும் தர்ல. எனக்கு வேண்டியது நாடும்மா. எதனா ஒண்ணு. எது கெடைக்குதோ அது."

"என் மானத்த வித்து உனுக்கு நாடு வாங்கணுமா?"

"அரிசி வாங்கினியே." ஜெபசெல்வி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப என் பேர வித்துத்தான வாங்கின? மன்னாருன்னு நீதான சொன்ன? என்னைக் கேட்டியா? இடுப்புல வெச்சினு போய் சிலோன்காரின்னு எழுதிட்டு வந்த. இப்ப நான் இந்த ஊருன்னு சொன்னா எவனும் நம்ப மாட்றான்."

முனியம்மாள் பாயை உதறிப் போட்டாள். வெளியே மழை பலத்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மெட்ராஸ் ஆபீஸ்ல இன்னா கேட்டாங்க?" என்றாள்.

"எப்ப?"

"அப்ப போனியே, அவன் நாட்டு ஆபீஸு."

"அதான் சொன்னேனே. அவரோட பர்த் சர்டிபிகேட்டு, பாஸ்போர்ட்டு. உங்க கல்யாண சர்டிபிகேட்டு. அவரு நேர்ல வரணும். இவ எனக்குச் சட்டப்படி கட்ன பொண்டாட்டி, இது எங்களுக்குப் பொறந்த பொண்ணுன்னு எழுதிக் கையெழுத்து போடணும்."

"அவன் போடணுமா?"

"அவருதான் போடணும்."

 முனியம்மாள் விளக்கை அணைத்துப் படுத்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. புது மழைத்தண்ணீர் இறங்கி ஏரி பழுப்பாக இருந்தது. இந்த மாதிரி நாளில் இறால் கரையோரம் ஒதுங்கும். திரௌபதியும் கூட வந்திருந்தாள்.

இறால் முன்னால் ஓடாது. பயந்தால் வாலை மடக்கிப் பின்பக்கமாகத் துள்ளும். அதனால் துரத்தக் கூடாது. ஒரு கையை அதன் மீசைக்கு எதிரே மெதுவாகக் காட்ட வேண்டும். மற்றக் கையை வாலுக்குப் பின்னால் குழித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எந்தக் கைக்குப் பயந்ததோ அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். முனியம்மாளின் விரல்கள் இதை யோசிக்காமல் செய்யும். அன்றைக்கு ஒரு பெரிய இறால் உள்ளங்கைக்குள் வந்து துடித்தபோது, அவள் அதைப் பறியில் போடாமல் சற்று நேரம் மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தாள். பிறகு கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"திரௌபதி, வூட்டுக்குப் போய் அந்தாள எங்கியும் போவாம இருக்கச் சொல்லு. மத்தியானம் என் வூட்ல சோறுன்னு சொல்லு."

"மனசு மாறிட்டியா அண்ணி?"

"போய்ச் சொல்லேன்."

மடவை மீன் குழம்பும் இறால் தொக்கும் செய்தாள். இலை போட்டாள். ஜெரோம் இரண்டு தரம் சோறு வாங்கிக்கொண்டான். "உம்மட கை அப்பிடியேதான் இருக்கு" என்றான். அவள் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்ட லெட்டரு தரேன்."

அவன் கை இலையில் நின்றது.

"ஆனா பொண்ணு பேர அயிச்சிட்டு எனுக்கு எந்த நாடும் வேணாம். அப்பன் பேரு தெரியாதவன்னு அவ எழுதக் கூடாது. நீ மெட்ராஸுக்கு வா. உங்க ஆபீஸ்ல அவள உன் பொண்ணுன்னு பதிஞ்சி குடு. அவளுக்கு உங்க நாட்டு பாஸ்போர்ட்டு கெடைச்சா ஓமனோ எங்கியோ போவட்டும். அத்த முடிச்சுக் குடுத்த அன்னிக்கே நான் லெட்டரு தரேன்."

ஜெரோம் யோசித்தான். "அங்க கல்யாணச் சர்டிபிக்கட் கேப்பினம்."

"கேப்பாங்க. கோயில்ல குடுத்தது கீது."

அவன் தண்ணீர் குடித்தான். விசா முடியப் போகிறது. மூப்பர் விஷயம் கிறிஸ்துமஸுக்குள் முடிவாக வேண்டும். "அது அரசாங்கக் கந்தோர் அலுவல்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். "இது கோயில் அலுவல். அவை ஒருத்தரை ஒருத்தர் கேக்கிறேல்லை."

"ஆமாய்யா. அவங்க வேற, இவங்க வேற."

"கடிதத்தை என்னட்டத் தர வேண்டாம். சாமியாருக்கு நேர அனுப்பினால்தான் நம்புவார். அவரிட்ட வாட்ஸப் இருக்கு." ஜெபசெல்வியின் போனில் அந்த எண்ணை அவனே பதிந்து கொடுத்தான்.

சந்தோஷத்தில் ஜாக்குலினைக் கூப்பிட்டு, போனை முனியம்மாளிடம் நீட்டினான். அவள் வாங்க நினைக்கவில்லை. ஆனால் குரல் வந்துவிட்டது.

"அக்கா. நான் ஜாக்குலின். அக்கா, உங்களுக்கு இப்பிடி ஒரு மனசு எண்டு எனக்குத் தெரியாது. நான் பூசைக்குப் போறனான், கோயில்ல கட்டாததால நன்மை அப்பம் எடுக்கிறேல்ல. எல்லாரும் எழும்பிப் போக நான் மட்டும் வாங்குப் பலகையில இருப்பன். மகன் கேக்கிறான், ஏனம்மா நீங்க போறேல்ல எண்டு. இனி அவனோட சேர்ந்து போவன். உங்களுக்குப் புண்ணியம் அக்கா."

முனியம்மாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஜெபசெல்வி, "அவங்க இன்னாம்மா பண்ணாங்க?" என்றாள்.

"யாரு?"

"ஜாக்குலின்."

"ஒண்ணும் பண்ல."

"அப்ப லெட்டரு தருவியா?"

முனியம்மாள் இலையை மடித்துக் குப்பையில் போட்டாள். "நீ உன் வேலயப் பாரு. நாடு வேணும்ன இல்ல? வருது."

ஜெபசெல்வி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை.

தூதரக அலுவலகத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். ஜெரோமின் காகிதங்களைப் பார்த்தாள். கோயில் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உறுதிமொழியை ஒவ்வொரு வரியாக வாசித்து, "இது உண்மைதானே?" என்று அவனிடம் கேட்டாள். முனியம்மாள் தன்னுடைய சட்டப்படியான மனைவி, ஜெபசெல்வி இந்தக் கல்யாணத்தில் பிறந்த மகள். "ஓம், உண்மை" என்றான் ஜெரோம். கையெழுத்துப் போட்டான். முனியம்மாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா மூன்று இடத்தில் நகர்ந்தது.

"இலங்கையில விலாசம்?" என்று அந்தப் பெண் ஜெபசெல்வியைக் கேட்டாள்.

ஜெபசெல்வி அப்பாவின் காகிதங்களில் பார்த்து வைத்திருந்த வீட்டு எண், தெரு, கோயில் பெயர், தபால் நிலையம் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னாள். ஜெரோம் திரும்பினான். "அது சும்மா எழுதுறதுதானே?"

"இருக்கப் போற இடத்தைத்தான் கேக்கிறது" என்றாள் அந்தப் பெண்.

"அதான் சொன்னேன்" என்றாள் ஜெபசெல்வி.

எல்லாம் சரியாக இருக்கிறது, கொழும்பிலிருந்து உத்தரவு வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வெளியே வந்து, ஜெராக்ஸ் கடை வாசலில் மூவரும் நின்றார்கள். ஜெரோம் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "முனி, இனி அந்தக் கடிதம். எழுதி வைச்சிருக்கிறன். நீர் கையெழுத்து மட்டும் வையும்."

"இன்னா எழுதிகிற?"

"உமக்குத் தெரியும்தானே."

"நம்ப கல்யாணம் பொய்யின்னா?" அவள் அவன் முகத்துக்கு நேராக வந்தாள். குரலை உயர்த்தவில்லை. "யோவ், இப்பதான உள்ள உண்மன்னு சொன்ன? உங்க சர்க்காரு முன்னாடி, உன் வாயால. ஓம், உண்மைன்னு. மூணு கையெழுத்து. அதுக்கப்புறம் நான் பொய்யின்னு எழுதினா, உன்ன இல்ல உள்ள தள்ளுவாங்க?"

அவன் புரியாமல் நின்றான். பிறகு அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முனியம்மாள் அதைக் கடைசிவரை பார்த்தாள்.

"ஜெபா, அந்தப் பேப்பரப் படம் புடிச்சியா?"

"புடிச்சேன்."

"சாமியாருக்கு அனுப்பு. நேரா அனுப்பினாத்தான் நம்புவாராம்."

"பிள்ளை, வேண்டாம்." ஜெரோம் போனைப் பிடிக்கக் கை நீட்டினான். "முனி, நான் உம்மட காலில விழுறன். ஜாக்குலின் பாவம். ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டாள்."

"வுழு."

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விழவில்லை. ஜெபசெல்வி போனில் கட்டை விரலை அழுத்தினாள். படம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக இரண்டு கோடுகள் விழுந்தன.

கும்மிடிப்பூண்டி ரயிலில் கூட்டம் குறைவாக இருந்தது. ஜெரோமின் பெட்டி குப்பத்தில் கிடந்ததால் அவனும் வர வேண்டியிருந்தது. எதிர் இருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தான். போன் சட்டைப் பையில் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. அவன் எடுக்கவில்லை. முனியம்மாள் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை என்பது போலச் சாப்பிட்டாள்.

"வூட்ல எத்தினி ரூமு?" என்று ஜெபசெல்வி கேட்டாள்.

ஜெரோம் அவளைப் பார்த்தான்.

"உங்க வூட்ல, நைனா. எத்தினி ரூமு?"

"ரெண்டு."

"நான் எதுல படுக்கிறது?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கேட்டுக்கொண்டே போனாள். குளிக்கிற இடம் உள்ளேயா வெளியேயா? கிணற்றுத் தண்ணீர் உப்பா? தம்பி எந்த வகுப்பு? ஜாக்குலின் சித்தி என்று கூப்பிடலாமா, வேறு எப்படி? பக்கத்தில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் கேட்பது போல, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து கேட்டாள்.

முனியம்மாள் சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி இது? பாஸ்போர்ட்டு வந்தா ஓமனுக்குப் போறேன்னுதான சொன்ன?"

"ஓமனுக்கு வேற ஆளப் போட்டு ரொம்ப நாளாவுதும்மா."

"அப்ப வேற எங்கியாச்சும் பாப்ப. அது வரைக்கும் வூட்ல இருப்ப."

"எந்த வூட்ல? உத்தரவு வந்தா நான் சிலோன்காரி. அப்புறம் இங்க இருக்கணும்னா நான் பர்மிட்டு வாங்கணும். போய்ப் போய்க் கையெழுத்து போடணும். நீ என்னத் தூக்கினு நின்னியே ஒரு வரிசை, அதுல நான் திரும்ப நிக்க மாட்டேன்."

"என்ன வுட்டுட்டு இவன் வூட்டுக்குப் போறியா? இவன் வூட்டுக்கு?"

"நீதான புடிச்சுக் குடுத்த." ஜெபசெல்வியின் குரல் எப்போதும் போலத் தாழ்வாகவே இருந்தது. "என்னக் காட்டி ரெண்டு பேரும் அரிசி வாங்கினீங்க. இன்னிக்கும் என்னக் காட்டித்தான் சண்டை போட்டீங்க. நீ ஜெயிச்ச. அவரு தோத்தாரு. நான் இன்னாம்மா? அவர் வூட்ல எனக்கு ஒரு பாய் கீது. இப்ப அத்த எவனும் இல்லன்னு சொல்ல முடியாது. நான் போய்ப் போட்டுக்குவேன். அவரு தெனம் என்னப் பாக்கட்டும். நீ தெனம் பாக்காம இரு."

மீஞ்சூரில் கூட்டம் ஏறி, இறங்கியது.  முனியம்மாளின் வாய் ஏதோ மெல்வதுபோல அசைந்தது. ஜெரோம் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. அனுப்பம்பட்டு தாண்டி வயல்களில் தண்ணீர் நின்றது. முனியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அந்த மனுஷனையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"ராத்திரில வெளக்கு எரிஞ்சா அந்தாளுக்குத் தூக்கம் வராது."

"சரி."

"படிக்கிறேன்னு எரிய வுடு."

"இன்னா படிக்கிறது?"

"எதனா படி," என்றாள் முனியம்மாள். "விடியற வரைக்கும் படி."